சிரிப்பு யாருக்கு, முறைப்பு யாருக்கு?

விமானத்தில் அடிக்கடி போய்வருகிற நாலு பேரைப் பிடித்து, ஒரே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "சர்வீஸ் எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர், "தங்கமான பிள்ளைங்க, எங்கம்மாவைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் சீட்டுல உக்கார வச்சாங்க" என்பார். அடுத்தவர், "தண்ணி கேட்டா சொத்துல பங்கு கேட்ட மாதிரி முறைக்கிறாங்க" என்பார். மூன்றாமவர், "ஆங்கிலத்துல கேட்டா ஒரு மாதிரி, தமிழ்ல கேட்டா ஒரு மாதிரி" என்பார். நாலாமவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது, தூங்கியிருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அதே கம்பெனி, அதே சீருடை, அதே பயிற்சி. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

டீக்கடை மட்டத்தில் இதற்குச் சில தயார் பதில்கள் உண்டு. "கவர்மெண்ட் கம்பெனின்னா அப்படித்தான்" என்பது பழைய பதில். 1953-ல் தேசியமயமான ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடமே திரும்பிப் போய்விட்டது, ஆனாலும் முறைப்பு பற்றிய பேச்சு ஓயவில்லை. பிறந்ததிலிருந்தே தனியாராக இருக்கும் கம்பெனிகள் மீதும் இதே புகார்தான். "ஆசியாக்காரங்க பணிவு, வெள்ளைக்காரங்க திமிரு" என்பது அடுத்த பதில். வாட்ஸ்அப்பில் ஓடும், அதைத் தாண்டி ஒன்றுமில்லை. மிச்சமிருப்பது, "அதெல்லாம் அந்தந்த ஆளோட குணம் சார்" என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் குணம்தான் காரணம் என்றால் முறைப்பு எல்லா சீட்டிலும் ஏறத்தாழ சமமாக விழ வேண்டும். அப்படி விழுவதில்லை என்பதுதான் என் புகாரே.

திருச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானத்தில் ஒருமுறையாவது போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். கம்பெனி பெயர் வேண்டாம், இது ஒரு கம்பெனியின் கதை இல்லை. எனக்கு முன் வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஏஜென்சி கொடுத்த பிளாஸ்டிக் கவரை, பாஸ்போர்ட்டோடு, ஏறினதிலிருந்து கையிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் போன பணியாளரிடம் "தம்பி, தண்ணி" என்றார். புரியாதோ என்று கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்ச் சைகையும் காட்டினார். அந்த இளைஞர் நிற்கவே இல்லை. நடந்துகொண்டே "வெயிட்" என்று ஒரு வார்த்தை. பத்து நிமிஷம் ஆச்சு. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "ஷ்யூர் சார்" என்று குனிந்து சொல்லிவிட்டு ஒரு நிமிஷத்துக்குள் கொண்டுவந்தார். அதே ஆள், அதே வழித்தடம், அதே பத்து நிமிஷ இடைவெளி. மாறினது ரெண்டுதான்: கேட்டவரின் சட்டை, கேட்ட மொழி.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அந்த மாதிரி விமானங்களில் வழியனுப்பும்போது வாசலில் நின்று கும்பிடுகிறார்களே, அங்கே யார் யாருக்கு "தேங்க் யூ சார்" கிடைக்கிறது, யாருக்கு வெறும் தலையாட்டல் கிடைக்கிறது என்று எண்ணலாம். முன்பெல்லாம் வெளிநாட்டில் இறங்குவதற்கு முன் ஆங்கிலத்தில் ஒரு அட்டை கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொல்வார்கள். எழுதத் தெரியாதவருக்கு யார் எழுதிக் கொடுத்தது? பக்கத்து சீட்டில் இருந்த காலேஜ் பையன். சில பயணங்களில் ஒரே பையன் பத்து அட்டை எழுதியிருப்பான். பணியாளர்கள் அட்டையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விதிவிலக்குகள் உண்டு, அப்படி ஒரு பெண் வழித்தடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பெரியவருக்கு எழுதிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் மற்றவர்கள் செய்வது கண்ணில் உறுத்துகிறது.

இந்த வேலை எப்படி இப்படி ஆனது என்று பார்க்க, அதன் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். 1930 மே மாதம் எல்லன் சர்ச் என்ற அமெரிக்க நர்ஸ், போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் விமானத்தில் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறினார். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். பைலட்டாக எடுக்க ஆளில்லை. சரி, நர்ஸ்களையாவது ஏற்றுங்கள், பயணிகளுக்குப் பயம் போகும் என்று அவரே கம்பெனிக்கு யோசனை சொன்னார். எட்டு நர்ஸ்களோடு பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. ஆக, இந்த வேலையின் முதல் தகுதி சிரிப்பு இல்லை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிவது. பயந்தவர், வாந்தி எடுப்பவர், மயங்கி விழுபவர், எல்லாரும் நர்ஸுக்கு ஒன்றுதான். வார்டில் சட்டையைப் பார்த்து ஊசி போடுவதில்லை.

அப்புறம் விளம்பரக்காரர்கள் வந்தார்கள். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை உலகம் முழுக்க விமானக் கம்பெனிகள் டிக்கெட் விற்றது விமானத்தைக் காட்டி இல்லை, அந்தப் பெண்ணைக் காட்டித்தான். பாரிஸின் பியர் பால்மேன் 1968-ல் வடிவமைத்த சரோங் கெபயா இன்றுவரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அடையாளம். 'சிங்கப்பூர் கேர்ள்' 1993-ல் லண்டன் மேடம் துசாட்ஸில் மெழுகுச் சிலையாகவே நின்றுவிட்டார். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் உண்மையிலேயே சீரானது என்பதை மறுக்கமாட்டேன். மூன்று மாதத்துக்கும் மேல் பயிற்சி கொடுக்கிறார்கள், அது தெரிகிறது. ஆனால் ஒரு வேலைக்காரரை மெழுகில் வார்த்து வைக்கிற அளவுக்கு அவர் 'சரக்கு' ஆகிவிட்டார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்மூரில் இதன் உச்சம் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. ஏர் இந்தியாவில் ஒரு பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போச்சு. முதல் முறை கர்ப்பமானாலும் போச்சு. இதில் எது முதலில் வருகிறதோ அது. 35-க்கு மேல் நீட்டிப்பு வேண்டுமென்றால் நிர்வாக இயக்குநர் மனசு வைக்க வேண்டும். 1981-ல் நெர்கெஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியையும், நிர்வாக இயக்குநரின் அந்தத் தன்னிச்சை அதிகாரத்தையும் ரத்து செய்தது. நாலு வருஷக் கல்யாணத் தடையை மட்டும் சரி என்று விட்டுவிட்டது! பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சமத்துவத் தீர்ப்புகளின் வரிசையில் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வைக்க முடியும்.

இரண்டு வருஷம் கழித்து, 1983-ல், அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 'தி மேனேஜ்ட் ஹார்ட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். டெல்டா ஏர்லைன்ஸின் பணியாளர்களிடையே ஆய்வு செய்து எழுதியது. கை, கால் உழைப்பு போல, உணர்ச்சியும் கூலிக்கு விற்கப்படும் உழைப்பு என்று அவர் காட்டினார். அங்கே பயிற்சியில், கேபினை உங்கள் வீட்டு வரவேற்பறையாகவும் பயணியை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தந்தார்களாம். படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்ம ஊர் வரவேற்பறைக்கு யார் யாரை உள்ளே விடுவோம்? யாரைத் திண்ணையோடு நிறுத்துவோம்? யாருக்கு எவர்சில்வர் டம்ளர், யாருக்கு வேறு டம்ளர்? "விருந்தாளியாக நினை" என்கிற பயிற்சி, விருந்தாளிகளையே தரம் பிரித்துப் பழகிய ஒரு சமூகத்துக்குள் வரும்போது அந்தத் தரம் பிரித்தலும் கூடவே விமானம் ஏறிவிடுகிறது. நான் பார்த்த 'வெயிட்', 'ஷ்யூர் சார்' இரண்டுக்கும் நடுவே இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சி தோற்கவில்லை. சிரிக்க வேண்டிய ஆளைப் பார்த்து அவர் சரியாகவே சிரித்தார்.

பணியாளர் பக்கமும் கேட்க வேண்டும், கேட்காமல் திட்டுவது சுலபம். பல நாடுகளில், பல கம்பெனிகளில், இவர்களுக்குப் பறக்கும் நேரத்துக்குத்தான் முழுக்கூலி. விமானம் கேட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் மீட்டர் ஓடும். நாம் ஏறுகிறோம், பையை மேலே திணிக்கிறோம், சீட் மாற்றக் கேட்டுச் சண்டை போடுகிறோம், குழந்தை அழுகிறது. பணியாளருக்கும் பயணிக்கும் அதிகமாக உரசல் வருகிற அந்த அரை மணி நேரம் அவர்களுக்குக் கணக்கில் வராத நேரம். அமெரிக்காவில் டெல்டா 2022-ல்தான் பயணிகள் ஏறும் நேரத்துக்கும், அதுவும் பாதி விகிதத்தில், கூலி தர ஆரம்பித்தது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று இந்தத் தரை நேரக் கூலிதான். அரசாங்கம் வேலைக்குத் திரும்பச் சொல்லியும் அவர்கள் உடனே திரும்பவில்லை. இங்கே 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் சுமார் 300 பேர் ஒரே நேரத்தில் "உடம்பு சரியில்லை" என்று லீவு சொல்லி, விமானங்கள் வரிசையாக ரத்தாகின. இணைப்புக்குப் பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்பது அவர்கள் குறை. கம்பெனி 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது, பேச்சுவார்த்தைக்குப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது.

குறைந்த கட்டண விமானங்களில் ஒரு நாளைக்கு மூன்று, நாலு முறை ஏறி இறங்கும் பணியாளர்கள் உண்டு. நடுவில் கிடைக்கிற அரை மணியில் நாம் போட்ட குப்பையையும் பல இடங்களில் அவர்கள்தான் பொறுக்குகிறார்கள். காலை ஆறு மணிக்கு மலர்ந்த முகம் ராத்திரி பத்து மணிக்கு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பயணிகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கையைச் சொடுக்கிக் கூப்பிடுவது, சேலையையோ கையையோ தொட்டுக் கூப்பிடுவது, தெரியாமல் போட்டோ எடுப்பது, குடித்துவிட்டு உளறுவது. 2022 டிசம்பரில் இஸ்தான்புல்லில் இருந்து டெல்லி வந்த இண்டிகோ விமானத்தில், சாப்பாட்டுத் தகராறில் ஒரு பணிப்பெண், நான் ஊழியர், உங்கள் வேலைக்காரி இல்லை என்று பயணியிடம் பதிலடி கொடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஆனால், இங்கேதான் நான் பணியாளர்களோடு முரண்படுகிறேன். களைப்பு, குறைந்த கூலி, மோசமான பயணி, எல்லாம் வாஸ்தவம். இவையெல்லாம் ஒருவர் ஏன் எரிந்து விழுகிறார் என்பதை விளக்கும். யார் மேல் எரிந்து விழுகிறார் என்பதை விளக்காது. நாலாவது விமானத்தில் களைத்துப்போன அதே இளைஞருக்கு எனக்காக ஒரு "ஷ்யூர் சார்" மிச்சம் இருந்ததே! களைப்புக்கும் கண் இருக்கிறது, எந்த சீட்டில் இறங்கலாம் என்று பார்த்துத்தான் இறங்குகிறது. நான் வேலைக்காரி இல்லை என்று கோட் போட்டவரிடம் சொல்கிற சுயமரியாதையை நான் மதிக்கிறேன். அதே சுயமரியாதை பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு என்பது அவர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை?

"ஒரு கப் தண்ணிக்கு இவ்வளவு கட்டுரையா?" என்று கேட்கலாம். தண்ணி ஒரு அடையாளம்தான், விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. விமானத்தில் இத்தனை பணியாளர்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? இந்திய விதிப்படி 50 சீட்டுக்குக் குறைந்தது ஒருவர். 180 சீட் விமானத்துக்கு நாலு பேர். சாப்பாடு பரிமாற ஆள் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாண்ட்விச் விற்காவிட்டாலும் விமானம் பறக்கலாம், அந்த நாலில் ஒருவர் குறைந்தால் அத்தனை பயணிகளோடு பறக்க முடியாது. ஏனென்றால் அவர்கள் இருப்பது ஆட்களை வெளியேற்றுவதற்கு. பெரிய பயணிகள் விமானம் எதுவானாலும், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் எல்லாரையும் இறக்க முடியும் என்று காட்டினால்தான் சான்றிதழே கிடைக்கும். சட்டம் இவர்களைப் பாதுகாப்பு ஆளாகப் பார்க்கிறது, கம்பெனி உபசரிப்பு ஆளாக விற்கிறது. நாமும் டிக்கெட் காசுக்கு உபசரிப்பைத்தான் எதிர்பார்க்கிறோம்.

2024 ஜனவரி 2-ம் தேதி டோக்கியோ ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் வழி சொன்னார்கள். பயணிகள் சொன்னதைக் கேட்டார்கள், பையை விட்டுவிட்டு இறங்கினார்கள். அந்தக் கம்பெனி 1985-ல் ஒரே விபத்தில் 520 பேரைப் பறிகொடுத்தது. அந்த விமானத்தின் சிதைந்த பாகங்களை ஹனேடாவில் ஒரு மையத்தில் வைத்து ஊழியர்களுக்குக் காட்டி வருகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பார்க்க நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதுதான் பக்கத்து ஏர்போர்ட். தரையிறங்கும்போது விபத்தாகி எரிந்தது. 282 பயணிகளும் 18 பணியாளர்களும் தப்பினார்கள், ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பல பயணிகள் மேலே இருந்த பைகளை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். அந்த வீடியோ வந்ததும் "நம்ம ஆளுங்களுக்கு அறிவே இல்ல" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ்போர்ட், சர்டிபிகேட், வேலைத் தாள், பாதி வாழ்க்கையே அந்தப் பைக்குள் இருந்திருக்கும். அதை விடு என்று ஒருத்தர் சொன்னால் விட வேண்டுமென்றால், சொல்கிறவர் மேல் நம்பிக்கை வேண்டும், சொன்னது புரியவும் வேண்டும். அன்றைய பணியாளர்களை நான் குறை சொல்லவில்லை, 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பதே அவர்கள் வேலை. நான் சொல்வது அந்த நிமிஷத்துக்கு முந்தைய நாலு மணி நேரத்தைப் பற்றி. பயணம் முழுக்க ஒருவரை ஆளாகவே மதிக்காமல் நடத்திவிட்டு, தீப்பிடித்ததும் நம் பேச்சுக்கு அவர் கட்டுப்பட வேண்டும் என்றால் எப்படி?

எமர்ஜென்சி எக்சிட் பக்கத்தில் உட்காருபவருக்குக் கதவைப் பற்றித் தனியாக விளக்க வேண்டும், அவருக்குப் புரியவில்லை என்றால் இடம் மாற்ற வேண்டும். இதுதான் நடைமுறை. நடப்பது என்ன? இருபது விநாடி ஆங்கிலம், கடைசியில் "ஓகே சார்?" அவர் தலையாட்டுவார். தண்ணி கேட்டு ஒருமுறை முறைப்பு வாங்கியவர், "புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்பாரா? தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் விமானம் கிளம்புகிறது.

திருச்சி, மதுரை, சென்னை வழித்தடங்களில் வேலை செய்பவர்களுக்குப் பத்துத் தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணி, பெல்ட் போடுங்க, உக்காருங்க, பையை விடுங்க, வெளிய போங்க, பயப்படாதீங்க. ஒரு மத்தியானம் போதும். வேற்று மொழிக்காரர் தப்பாகச் சொன்னாலும் நம்மவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள், அதிலேயே பாதி இறுக்கம் போய்விடும். ஏறும் நேரத்துக்கும் கூலி கொடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

கம்பெனிகளைக் கேட்டால், "எங்களுக்கு அப்படிப் புகாரே வரவில்லையே" என்பார்கள். உண்மைதான், வராது. பயணம் முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு மெயில் வருகிறது: பணியாளர்கள் நட்பாக இருந்தார்களா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? முன் சீட்டில் இருந்தவருக்கும் ஒரு மெயில் போயிருக்கும். அவர் டிக்கெட்டை எடுத்தது ஏஜென்சி. அதில் இருப்பது ஏஜென்சிக்காரரின் மெயில் ஐடி.